இன்னைக்கு யாரு வரல?

மதியம் இரண்டு மணி ஆனதும் அவர் படியிறங்கி வருவார். எங்கள் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதை வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து காலையில் முடிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பேன். அவர் உள்ளே வந்து, நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராமல், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்பார்.

"அண்ணே, இன்னைக்கு யாரு வரல?"

எத்தனை பேருக்கு முடிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த ஏழு வருடமும் இந்த ஒரு கேள்விதான்.

அவர் புற்றுநோய் டாக்டர். கதிர்வீச்சு கொடுப்பதில் தனிப்படிப்பு படித்தவர். யாருக்கு எங்கே எவ்வளவு என்று அவர் எழுதித் தருவார், நான் மெஷினை இயக்குவேன். மதுரைப் பக்கத்து ஜனங்கள் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. 'கரண்ட்டு வைக்கிறது' என்பார்கள். அதனால் எனக்குக் கரண்ட்டுக்காரர் என்று பெயர். நான் அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்பார். நான் மேடம் என்பேன். நோயாளிகளுக்கு அவர் டாக்டரம்மா.

கரண்ட்டு வைப்பது ஒருநாள் காரியமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்திலிருந்து ஏழு வாரம் தொடர்ந்து வர வேண்டும். ஒருவருக்கு இருபத்தைந்து தடவை, இன்னொருவருக்கு முப்பத்துமூன்று. படுக்க வேண்டியது சில நிமிடம்தான். வைக்கும்போது வலியும் இல்லை. பத்துப் பன்னிரண்டு முடிந்ததும் சிலருக்குக் கட்டி சுருங்கும், ரத்தம் நிற்கும். சரியாகிவிட்டது என்று நின்றுவிடுவார்கள். வேறு சிலருக்கு அப்போதுதான் தொண்டை புண்ணாகும், வயிறு போகும். தாங்க முடியாமல் நின்றுவிடுவார்கள். எப்படி நின்றாலும் உள்ளே இருப்பது மறுபடி வளரும்.

வந்தவர்களைப் பார்ப்பதற்கே எங்களுக்கு நாள் போதாது. ஹாலில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். மெஷின் ஒருநாள் மக்கர் பண்ணினால் மறுநாள் இரண்டு நாள் கூட்டம். இதில் வராதவரைத் தேட யாருக்குத் தெம்பு இருக்கும்? அவருக்கும் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் தேடினார்.

வராதவர்களின் மஞ்சள் அட்டைகளை என்னிடமிருந்து வாங்கிக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு மாடிக்குப் போவார். மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். கடைசி அட்டை முடியும்போது சாதம் காய்ந்து வெடித்திருக்கும். அதை அப்படியே தின்பார்.

"ஹலோ, ஆஸ்பத்திரியில இருந்து டாக்டர் பேசுறேன். பெரியய்யா இன்னைக்கு வரலையே, என்ன ஆச்சு?"

வீட்டில் விசேஷம், பஸ் இல்லை, மாடு கன்று போட்டிருக்கிறது. ஒருவர் ஐந்து வாரத்தில் மூன்று தடவை மச்சான் இறந்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது தடவை இவர், "மொத்தம் எத்தன மச்சானுங்கய்யா ஒங்களுக்கு?" என்று கேட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கே அந்த மனுஷன் ஹாலில் உட்கார்ந்திருந்தார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

போனை அணைத்து வைக்கிறவர்களையும், தப்பான நம்பர் கொடுத்தவர்களையும் விடமாட்டார். அவர் போனில் மேலூர் டீக்கடை, வாடிப்பட்டி ரேஷன் கடை, உசிலம்பட்டிப் பக்கத்து டெய்லர் என்றுதான் பாதிப் பெயர்கள் இருக்கும். டீக்கடைக்காரரிடம் பேசி, அவர் பையனை அனுப்பி, நோயாளியைக் கடைக்கே வரவழைத்துப் பேசியிருக்கிறார்.

இவருக்கு வேண்டிய யாரோ பாதி சிகிச்சையில் நின்று செத்துப்போயிருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நர்ஸுகளில் ஒருத்தி அது அவருடைய அப்பாதான் என்றே சொல்லித் திரிந்தாள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றார். "அப்பா ஊர்ல நல்லா இருக்காரு. படிக்கிறப்ப முழுசா குடுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் அத நம்பிட்டேன், அம்புட்டுதான்."

அழகர்கோவிலுக்கு வடக்கே ஒரு ஊரிலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். மார்பில் ஆபரேஷன் முடிந்து கரண்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பதோடு நின்றுவிட்டார். போன் எடுக்கவில்லை. சனிக்கிழமை மெஷினுக்கு விடுமுறை. டாக்டர் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு, "வாரீங்களாண்ணே?" என்றார். வீட்டில் வேலை கிடந்தது. ஆனாலும் போனேன்.

அந்த அக்கா வயலில் இருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய டாக்டரைப் பார்த்ததும் அந்த அக்கா இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் மறையப் பார்த்தார். வயல்காரர் ஓடி வந்தார். டாக்டர் என்று தெரிந்ததும், "வெயில்ல நிக்கிறீங்களே, நெழலுக்கு வாங்கம்மா. மோர் கொண்டாரச் சொல்றேன்" என்றார். இவர் வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"ஏந்தாயி வரல?"

"நடவு வருசத்துக்கு ரெண்டு வாட்டிதேன் வருது டாக்டரம்மா. கரண்ட்டு எப்ப வேணா வைக்கலாம்ல?"

"எப்ப வேணா வைக்க முடியாது. இப்ப விட்டா அப்புறம் வச்சும் பிரயோசனம் இல்ல."

அந்த அக்கா நாற்றுமுடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அப்போதுதான் இவர் பார்த்தார். ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது.

"அந்தக் கைய சேத்துல வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. ஒரு சின்னக் காயம் பட்டாக்கூட சீழ் வச்சிரும். கரைக்கு ஏறுங்க."

"என் நெர பாதியில நிக்குது டாக்டரம்மா. இவளுக எல்லாம் முன்னாடி போயிட்டாளுக."

இவர் செருப்பைக் கழற்றினார். சுடிதார்க் காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டுச் சேற்றில் இறங்கி, அந்த அக்காவின் கையிலிருந்த நாற்றை வாங்கிக்கொண்டார். "ஏறுங்க, நான் நட்டுத் தாரேன்." பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. நாற்றைப் பிரித்து ஊன்றிப் பின்னால் நகர்ந்த வேகத்தைப் பார்த்ததும், அது புதுக் கை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் வயதான ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, நீ எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டாள்.

இவர் நிமிராமலே ஊர்ப் பெயரைச் சொன்னார். "காலனி" என்றார். "எங்கம்மா இந்தப் பக்கமெல்லாம் நடவுக்கு வந்திருக்கு."

மோர் கொண்டுவரச் சொல்கிறேன் என்ற வயல்காரர் அதற்குப் பிறகு மோரைப் பற்றிப் பேசவில்லை. இவர் நிரையை முடித்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவினார். அந்த அக்காவிடம், "திங்கக்கெழம பாப்போம்" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் காரில் அவர் பேசியதும் ஒரே வாக்கியம்தான்: "இடுப்பு போச்சுண்ணே."

திங்கட்கிழமை அந்த அக்கா வந்தார். மீதியை முடித்தார். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார்.

ஊரடங்கின்போது பஸ் நின்றுபோனது. எல்லா நோயாளிகளும் ஒரே நாளில் வராதவர்கள் ஆனார்கள். அன்று இரண்டு மணிக்கு நான் மொத்த அட்டைக்கட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து அனுமதிச் சீட்டு வாங்கி, காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்தார். மேலூர்ப் பக்கத்து நோயாளிகள் ஒன்றரை மாதம் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள். "மேடம், கத்திரிக்காகூட சொன்ன பேச்சு கேட்டு எறங்கிருது. இவங்கள எறக்க அரமணி நேரம் ஆகுது" என்று டிரைவர் தினமும் புலம்புவார். புலம்பிக்கொண்டே கைத்தாங்கலாக இறக்கியும் விடுவார்.

இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு அவர் ஏதோ சிரித்த முகத்தோடு ஓடியாடும் மனுஷி என்று தோன்றும். அப்படி இல்லை. எப்போதும் களைத்துத்தான் இருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்து நிறுத்திவிடுவார். கண்ணாடியைக் கழற்றினால் மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். வராதவர்களைப் பற்றிய கவலையில் வந்தவர்களிடம் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. அன்புக்காகச் செய்கிற மாதிரித் தெரியாது. ஒரு கணக்கு நேராகாமல் தூங்க முடியாதவரைப் போல இருப்பார்.

பிறகுதான் ஜவுளிக்கடைப் பெரியவர் ஒருவர் வந்தார்.

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். ரொம்ப வருடம் ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். எழுபதைத் தாண்டியிருந்தார். தொண்டையில் புற்று, கழுத்திலும் பரவியிருந்தது. மகள் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அப்பாவும் மகளும் அவர்கள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். எங்களிடம் பெரியவர் மெதுவான, மரியாதையான தமிழில் பேசுவார்.

தொண்டைக்குக் கரண்ட்டு வைப்பதற்கு முகம் அசையக் கூடாது. அதற்காக முகத்தை அச்செடுத்து ஒரு வலைமூடி செய்வோம். படுக்க வைத்து, அதை முகத்தில் பொருத்தி, பலகையோடு பூட்டிவிடுவோம். முதல்நாள் எல்லோரும் பயப்படுவார்கள். பெரியவர் பூட்டுவதற்கு முன் கைகூப்பினார், அவிழ்த்த பிறகும் கைகூப்பினார்.

பதினொன்றோடு நின்றுவிட்டார். போனில், "நாளைக்கு வாரேங்க" என்றார். மூன்று நாள் அதையே சொன்னார். நான்காம் நாள் மதியம் டாக்டர் கிளம்பினார். நானும் போனேன்.

செங்குத்தான படி. மாடியில் இருந்தார்கள். நாங்கள் வருவது தெரிந்து பெரியவர் எழுந்து சட்டை போட்டிருந்தார். கருகிச் சிவந்த கழுத்தின் மேல் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். குரல் பாதிதான் வந்தது.

"போதும்னு தோணுதுங்க" என்றார்.

"இன்னும் இருபத்திரெண்டுதாங்கய்யா. பாதியில விட்டா இதுவரைக்கும் பட்டதெல்லாம் வீணாப் போயிரும்" என்றார் இவர். அரைமணி நேரம் பேசினார். புண்ணுக்கு மருந்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு, வலிக்கு மாத்திரை என்று ஒன்று விடாமல் விளக்கினார். மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இம்புட்டு தூரம் வந்துட்டீங்க" என்றார் கடைசியில். "வாரேங்க."

படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொருவரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

அவர் ஒருநாள் விடாமல் வந்தார். முகம் வற்றி வலைமூடி தொளதொளவென்று ஆனது. புதிதாக அச்செடுத்தோம். குழாய் வழியாகத்தான் கஞ்சி. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே ஹாலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலை நான் பூட்டை அவிழ்க்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காதைக் குனிந்து கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும்.

"அந்தம்மா படியேறி வீட்டுக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிங்க வராம இருக்கிறது?"

நான் சிரித்து வைத்தேன். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். மேடத்திடம் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். அன்று கூட்டம். மறுநாளும் கூட்டம். சொல்லவில்லை.

முப்பத்துமூன்றையும் முடித்தார். மூன்று வாரத்தில் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து மகள் ஏதோ காகிதம் வாங்க வந்தார். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் மாடிக்குக் கூட்டிப் போனேன். அட்டைகளைக் கொடுக்க வேண்டியிருந்ததால் அங்கேயே நின்றேன். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அப்பாவுக்கு ஒங்க மேல ரொம்ப மரியாத மேடம். அதனாலதான் வந்தாரு. வீடு தேடி வந்தவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நிறுத்தியிருந்தப்ப ரெண்டு மூணு வாய் தயிர்சாதம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. திரும்ப வந்ததுக்கப்புறம் அதுவும் இல்ல. ஒங்க மேல கோவம் இல்ல. அவருக்கு என்ன வேணும்னு அன்னைக்கு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு, அதான்."

மருத்துவமாகச் சொல்ல டாக்டருக்கு எத்தனையோ இருந்தது. எதையும் சொல்லவில்லை.

"சொன்னாரும்மா" என்றார். "போதும்னு சொன்னாரு. நாந்தான் கேக்கல."

அந்தப் பெண் போன பிறகு நான் என்னிடம் இருந்ததையும் சொல்லிவிட்டேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எப்ப சொன்னாரு?"

"இருவதாவதோ என்னமோ வச்சிட்டு இருந்தப்ப."

"ஏன் எங்கிட்ட சொல்லலண்ணே?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"நான் வருத்தப்பட்டா பட்டுட்டுப் போறேன். இன்னும் பதிமூணு பாக்கி இருந்துச்சுல்ல அவருக்கு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அட்டைகளைத் தனியாக எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். உண்மையைச் சொன்னால், முதல் வாரம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. வந்தவர்களுக்கு வைத்தோமா, முடித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளில் இப்படித்தானே நடக்கிறது என்றும் நினைத்தேன். இரண்டாவது வாரம் ரப்பர் பேண்ட் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. அட்டைகளின் மேலே இருந்த பெயர்கள் என்னைப் பார்ப்பது போலிருந்ததால் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாவது திங்கட்கிழமை நானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"பதினாலு பேரு மேடம்."

"வராதது அவங்க இஷ்டம்ண்ணே. நம்ம யாரு போய் இழுக்கிறதுக்கு?"

"எல்லாருக்குமே இஷ்டமா? எது இஷ்டம், எது பஸ்ஸு இல்லாம நின்னதுன்னு கேட்டாத்தான தெரியும்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி மேலே இருந்த அட்டையை எடுத்தார்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கர்ப்பப்பை வாயில் புற்று. குணமாக நல்ல வாய்ப்பு உள்ள நிலை. பன்னிரண்டு முடிந்து நின்றிருந்தார். போனைக் கணவர் எடுத்தார். கொத்தனார். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வயித்தால போயிக்கிட்டே இருந்துச்சுங்க. பஸ்ஸுல ஒன்றர மணி நேரம் ஒக்கார முடியல. நாலு நாள் பாப்போம்னு விட்டோம்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மின்ன ஒருநா வரலன்னாலே போன் பண்ணுவீங்க. இந்தவாட்டி யாருமே கேக்கல. அப்ப வேணாம் போலன்னு நெனச்சுக்கிட்டோம் டாக்டரம்மா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கம், "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"தப்பு எம்மேலதான்யா" என்றார். "வீட்டம்மாகிட்ட குடுங்க."

அந்தப் பெண்ணிடம் அவர் பேசியது எனக்குப் புதிதாக இருந்தது. நோய் குணமாகக்கூடியது, பாதியில் விட்டது ஆபத்து, இனி ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று ஒளிவில்லாமல் சொன்னார். வயிற்றுக்கு மருந்து தரலாம், வார்டில் ஒரு பெட் வாங்கித் தரலாம், பஸ்ஸில் அலைய வேண்டாம் என்றார். வழக்கமாக இந்த இடத்தில், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க" என்று முடிப்பார். அன்று, "ஒங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"பயமா இருக்கு டாக்டரம்மா."

"எதுக்குப் பயமா இருக்கு?"

அந்தப் பெண் பேசினார். நீளமாகப் பேசினார். வயிற்று உபாதையைப் பற்றி, பஸ்ஸில் நேர்ந்துவிட்ட அவமானத்தைப் பற்றி, தான் சாப்பிடும் தட்டை நாத்தனார் தனியாக ஒதுக்கி வைத்ததைப் பற்றி. இவர் குறுக்கிடவில்லை. முடிவில் அந்தப் பெண், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"சரிம்மா. ஆனா சீக்கிரம் யோசிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மேடம், சின்ன வயசு. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேண்ணே." அடுத்த அட்டையை எடுத்தார். பதினான்கு பேரையும் அன்றே கூப்பிட்டார். ஒன்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவர் வர விருப்பமில்லை என்றார். மற்ற இருவர் பிடிகொடுத்துப் பேசவில்லை.

செவ்வாய் போனது, புதன் போனது. உசிலம்பட்டிப் பெண்ணிடமிருந்து தகவல் இல்லை. இரண்டு மணிக்கு அவர் மறுபடி கீழே வர ஆரம்பித்திருந்தார். அந்த அட்டையை வாங்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு தடவை நான் போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் அணைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அவனியாபுரத்துக்குப் போனோம். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர், நுரையீரலில் நோய் முற்றியவர், வர விருப்பமில்லை என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "அப்ப நான் வந்து பாக்கட்டுமா? கரண்ட்டு பத்திப் பேச மாட்டேன்" என்று இவர் கேட்டிருந்தார். பட்டறையின் பின்னால் வீடு. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்து, எப்போது எத்தனை என்று மனைவிக்கு இரண்டு தடவை சொன்னார். தலைமாட்டில் எத்தனை தலையணை வைக்க வேண்டும் என்று தானே அடுக்கிக் காட்டினார். பிறகு அவரோடு உட்கார்ந்து டிவியில் ஓடிய பழைய கிரிக்கெட் மேட்சை அரைமணி நேரம் பார்த்தார். கிளம்பும்போது அந்த மனுஷர், "நான் வரலன்னு கோவமா டாக்டரம்மா?" என்றார். "இல்லண்ணே, அடுத்த வியாழக்கெழம வாரேன்" என்றார் இவர்.

என் வீடு பசுமலையில். இறக்கிவிடுவதாகச் சொன்னார். பசுமலை நெருங்கும்போது காரை ஓரமாக, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "ரெண்டு நிமிசம்ண்ணே. கண்ணு இழுக்குது" என்று சொல்லித் தலையைச் சாய்த்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மணி நான்கரை இருக்கும். லாரிகள் போகும்போதெல்லாம் கார் குலுங்கியது. இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் என் வீடு. அவரைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு இருக்கைக்கும் நடுவில் கிடந்த அவர் போன் அடித்தது. எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"டாக்டரம்மாவா?"

"இல்லம்மா. நான் கரண்ட்டு வைக்கிறவன். மேடம் தூங்குறாங்க, சொல்லுங்க."

"உசிலம்பட்டில இருந்து பேசுறேண்ணே. நாளைக்கு வந்தா வச்சுவிடுவீகளா? புள்ளைய அம்மாச்சி வீட்ல விட்டுட்டேன். பெட்டு தாரேன்னாங்க, இருக்குமா?"

"இருக்கும்மா. நீங்க வாங்க."

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். விட்டுப்போன நாட்களுக்கு என்ன செய்யலாம் என்று டாக்டர் வேறு ஊர்களில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டு அளவை மாற்றி எழுதினார். பெண் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். இரண்டு வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தார். அதற்குள் டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போனார். இப்போது இருப்பவர் நல்ல டாக்டர்தான். வராதவர்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து தானாகக் குறுஞ்செய்தி போகிறது.

அன்று காரில் அவர் இருபது நிமிடம் தூங்கியிருப்பார். விழித்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவரைப் போல வெளியே பார்த்தார்.

"போன் வந்துச்சு மேடம். உசிலம்பட்டிப் பொண்ணு. நாளைக்கு வருதாம்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"இல்ல. அதுவாத்தான் கூப்பிட்டுச்சு."

"அதுவாவா?"

"ஆமா."

அவர் போனை வாங்கி, வந்த அழைப்பில் அந்த நம்பரைத் தேடிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் போட்டபடி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காரைக் கிளப்பும்போது இன்னொரு தடவை கேட்டார்.

"அதுவாவாண்ணே கூப்பிட்டுச்சு?"